மரத்தில் இருந்த சேற்றுக்கோடு: திட்ட அனுமதிக்கு முந்தைய ஆய்வில் நான் கற்றவை

நீரியல் என் துறை. பதினேழு ஆண்டுகளாகச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கைகளில் தண்ணீர் பற்றிய அத்தியாயங்களை எழுதி வருகிறேன்; கடைசி ஐந்து ஆண்டுகளாகப் பிறர் எழுதியவற்றைச் சரிபார்க்கும் பணியும் சேர்ந்திருக்கிறது. ஒரு சாலையோ அணையோ சுரங்கமோ தொழிற்சாலையோ அமைக்க ஒருவர் அனுமதி கேட்டு வரும்போது, அது அந்த இடத்தின் நீரையும் நிலத்தையும் காற்றையும் உயிர்களையும் மனிதர்களையும் என்ன செய்யும் என்பதை ஆராய்ந்து, எழுத்தில் வைத்து, பாதிக்கப்படக்கூடியவர்களிடம் காட்டி, அதன் பிறகே முடிவெடுக்க வேண்டும் என்பதுதான் இந்த மதிப்பீட்டின் சாரம். 1970 ஜனவரி 1 அன்று அமெரிக்காவில் கையெழுத்தான தேசியச் சுற்றுச்சூழல் கொள்கைச் சட்டத்திலிருந்து இது உலகெங்கும் பரவியது. 1992இல் ரியோ டி ஜெனிரோ மாநாட்டில் வெளியான பிரகடனத்தின் 17ஆம் கோட்பாடு இதையே வலியுறுத்துகிறது. நாட்டுக்கு நாடு விதிகள் மாறினாலும் எல்லாவற்றையும் தாங்கி நிற்கும் சொல் ‘முன்பு’ என்பதுதான். அந்தச் சொல்லின் எடையை எனக்கு ஒரு சாலை கற்றுக்கொடுத்தது.

வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் ஆண்டில், பதினான்கு கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு புறவழிச்சாலைக்கான ஆய்வுக் குழுவில் நான் இருந்தேன். நாங்கள் களத்துக்குப் போன நாளிலேயே சாலையின் பாதை முடிவாகி, மஞ்சள் வண்ணம் பூசிய அளவைக் கற்கள் நடப்பட்டிருந்தன. எங்களுக்குக் கிடைத்தவை கோடையின் மூன்று மாதங்கள். ஆறாவது கிலோமீட்டரிலிருந்து எட்டாவது வரை நிலம் தட்டையாகவும் தாழ்வாகவும் இருந்தது. கோரை காய்ந்து, தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. அந்தப் பகுதியில் வரைபடத்தில் இருந்த ஓடைகள் நான்கு. நான்கையும் நடந்து பார்த்தேன், குறுக்குவெட்டு அளந்தேன், நான்கிலும் தண்ணீர் இல்லை. ‘பருவகால ஓடைகள், ஆய்வுக் காலத்தில் நீரோட்டம் காணப்படவில்லை’ என்று எழுதினேன். அந்த வாக்கியத்தில் பொய் எதுவும் இல்லை. அதை நம்பித்தான் பொறியாளர்கள் ஓடைக்கு ஒன்றாக நான்கு குழாய்ச் சிறுபாலங்களை வடிவமைத்தார்கள்.

அங்கே மாடு மேய்த்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் எங்கள் அளவைக் கருவியைப் பார்த்துக்கொண்டே நின்றார். ஓடைகளைப் பற்றிக் கேட்டேன். “ஓடைன்னு தனியா எங்க சார் இருக்கு? மழை வந்தா இது எல்லாமே ஓடைதான்” என்றார். அதைச் சட்டைப்பையில் இருந்த சிறு குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். அறிக்கைப் படிவத்தில் அதற்கென்று ஒரு பத்தி இல்லாததால் அது அந்தக் குறிப்பேட்டிலேயே தங்கிவிட்டது.

சாலை திறக்கப்பட்ட இரண்டாவது ஆண்டில் நல்ல மழை பெய்தது. அந்தத் தாழ்நிலத்தில் நீர் ஓடைக்குள் அடங்கி ஓடுவதில்லை. இரண்டு கிலோமீட்டர் அகலத்துக்கு மெல்லிய விரிப்பைப் போலப் பரவி, கண்ணுக்குத் தெரியாத மெதுவான வேகத்தில் மேற்கிலிருந்து கிழக்காக நகர்கிறது. இதைப் பரவலோட்டம் என்போம். இரண்டு மீட்டர் உயரமுள்ள சாலைக்கரை அதற்கு அணையாகிவிட்டது. நான்கு குழாய்களும் தங்களால் இயன்றதைக் கடத்தின. மீதி நீர் மேற்குப் பக்க வயல்களில் பத்தொன்பது நாள்கள் நின்றது. கிழக்குப் பக்கத்தில் அந்த விரிப்பை நம்பியிருந்த சதுப்பு நிலத்துக்கு நீர் போய்ச் சேரவில்லை. அடுத்த கோடையில் அங்கிருந்த நாணல் கருகியது, அதைச் சுற்றியிருந்த ஆழமில்லாத கிணறுகள் வழக்கத்தைவிட முன்னதாகவே வற்றின. ஒரே கரை, ஒரு பக்கம் வெள்ளத்தையும் மறுபக்கம் வறட்சியையும் கொண்டுவந்து சேர்த்தது.

அறிக்கையின் பிரதியை எடுத்துக்கொண்டு நான் அங்கே போனேன். தாவரப் பட்டியலுக்காக நானே எடுத்திருந்த ஒரு மரத்தின் படம் பின்னிணைப்பில் இருந்தது. சாலையோரத்தில் நின்று அதை மறுபடி பார்த்தபோதுதான் தெரிந்தது. தரையிலிருந்து முழங்காலுக்குச் சற்று மேலே, பட்டையைச் சுற்றி ஒரு சாம்பல் நிறக் கோடு. கோட்டுக்குக் கீழே பட்டையின் பிளவுகளில் மாவு போன்ற மென்மண் படிந்திருந்தது. கோட்டை ஒட்டி இரண்டு நத்தை ஓடுகள் காய்ந்து ஒட்டியிருந்தன. அருகில் இருந்த முட்புதரின் கவட்டில் சிக்கிய வைக்கோல் நிறப் புல், சீப்பால் வாரியதைப் போல ஒரே திசையை நோக்கிப் படிந்திருந்தது. நீர் எவ்வளவு உயரம் வரும், நத்தை ஏறி ஒட்டும் அளவுக்கு எத்தனை நாள் நிற்கும், எந்தப் பக்கமாக நகரும் ஆகிய மூன்றும் அந்த ஒரே படத்தில் இருந்தன. நான் அதில் மரத்தின் பெயரை மட்டும் எழுதியிருந்தேன்.

அன்றிலிருந்து எந்த அறிக்கை என் மேசைக்கு வந்தாலும் நான் முதலில் பார்ப்பது களப்பணித் தேதிகளைத்தான். தொடக்கநிலைத் தரவு என்பது திட்டம் வருவதற்கு முன் அந்த இடம் எப்படி இருந்தது என்பதற்கான சாட்சியம். ஒரு பருவத்தின் சாட்சியம் ஆண்டு முழுவதற்கும் பேசாது. தவளைகளும் தேரைகளும் மழை விழுந்த சில இரவுகளில்தான் கூடிக் கத்துகின்றன. வலசைப் பறவைகள் குறிப்பிட்ட மாதங்களில்தான் இருக்கின்றன. காற்று வீசும் திசை பருவத்தோடு மாறுகிறது. புகைபோக்கியின் புகை யார் வீட்டின் மேல் இறங்கும் என்பதும் அதோடு மாறுகிறது. கூடுமானால் ஓர் ஆண்டுச் சுழற்சி முழுவதும் அளக்க வேண்டும். அதற்கு வழியில்லாதபோது, எந்தப் பருவம் அளக்கப்படவில்லை என்பதை அறிக்கையின் முதல் பக்கங்களிலேயே வெளிப்படையாக எழுதி, மர அடையாளங்கள், பழைய செயற்கைக்கோள் படங்கள், மழைப் பதிவேடுகள், அங்கே வாழ்பவர்களின் நினைவு ஆகியவற்றால் அந்த இடைவெளியை நிரப்ப முயல வேண்டும். ‘காணப்படவில்லை’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் எப்போது, எத்தனை மணி நேரம் தேடினோம் என்பது இல்லையென்றால் அந்த வரியை நான் இப்போது ஏற்றுக்கொள்வதில்லை.

பருவத்தைவிடவும் ஆழமான குறை அந்த மஞ்சள் கற்களில் இருந்தது. பாதையைத் தீர்மானித்த பிறகு எங்களை அழைத்தார்கள். எங்கள் அறிக்கை எவ்வளவு நேர்த்தியாக அமைந்திருந்தாலும் அதனால் மாற்றக்கூடியது சிறுபாலத்தின் விட்டத்தை மட்டும்தான். தாழ்நிலத்தைச் சுற்றிக்கொண்டு போகும் ஒரு பாதை மூன்று கிலோமீட்டர் கூடுதல் நீளமாக இருந்திருக்கும், அவ்வளவுதான். அதை யாரும் வரைந்துகூடப் பார்க்கவில்லை. மாற்று வழிகளை ஒப்பிடும் பகுதியே அறிக்கையின் இதயம் என்று அமெரிக்காவின் 1978ஆம் ஆண்டு விதிகள் குறிப்பிட்டன; நான் படித்த பெரும்பாலான அறிக்கைகளில் அந்த இதயம் ஒன்றரைப் பக்கத்தில் முடிந்துவிடுகிறது. மூன்று மாற்று வழிகள் இருக்கும். அவற்றில் இரண்டு தோற்பதற்காகவே எழுதப்பட்டவை. கண்டுபிடிப்பது கடினமில்லை. தேர்ந்தெடுத்த இடத்துக்கு மண் பரிசோதனை, வரைபடம், செலவுக் கணக்கு எல்லாம் இருக்கும். மற்ற இரண்டுக்கும் ‘பொருத்தமற்றது’ என்ற சொல் மட்டும் இருக்கும். எல்லா மாற்றுகளையும் ஒரே ஆழத்தில் ஆராய்ந்திருக்கிறார்களா, திட்டமே வராவிட்டால் அந்த இடம் என்னவாகும் என்பதையும் எழுதியிருக்கிறார்களா என்று பார்த்தாலே, முடிவெடுப்பதற்கு முன் எழுதியதா, எடுத்த முடிவுக்குத் துணையாக எழுதியதா என்பது புரிந்துவிடும்.

இதே கேள்வி ஒரு முறை பன்னாட்டு நீதிமன்றம் வரை போனது. நிகரகுவாவின் எல்லையில் ஓடும் சான் ஹுவான் ஆற்றின் ஓரமாகக் கோஸ்டா ரிகா சுமார் 160 கிலோமீட்டர் நீளத்துக்குச் சாலை அமைக்கத் தொடங்கியது. அதில் நூறு கிலோமீட்டருக்கும் மேல் ஆற்றை ஒட்டியே செல்கிறது. அவசர நிலை காரணமாக முன் ஆய்வு தேவைப்படவில்லை என்றும், பிற்பாடு ஆய்வுகள் செய்யப்பட்டுள்ளன என்றும் அந்த நாடு வாதிட்டது. 2015 டிசம்பரில் வந்த தீர்ப்பு அதை ஏற்கவில்லை: கட்டத் தொடங்குவதற்கு முன்பே தாக்கத்தை மதிப்பிட வேண்டிய கடமை மீறப்பட்டது என்று நீதிமன்றம் கூறியது. அந்தச் சாலை ஆற்றுக்குக் கணிசமான தீங்கு செய்தது என்பது மெய்ப்பிக்கப்படவில்லை என்றும் அதே தீர்ப்பு சொன்னது. ஆனாலும் முன்பே செய்யாதது தனித்த தவறாகவே நின்றது. அந்தத் தீர்ப்பைப் படித்தபோது எனக்கு என் சாலைதான் நினைவுக்கு வந்தது.

அறிக்கையின் பருமனைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 1971இல் அமெரிக்க நீரியலாளர் லூனா லியோபோல்டும் அவருடைய சக ஆய்வாளர்களும் ஒரு பெரிய அட்டவணையை வெளியிட்டார்கள்: ஒரு பக்கம் திட்டச் செயல்கள் 100, மறுபக்கம் சுற்றுச்சூழல் கூறுகள் 88, ஆக 8,800 கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் தாக்கத்தின் அளவுக்கு ஓர் எண், முக்கியத்துவத்துக்கு ஓர் எண். எதையும் விட்டுவிடாமல் யோசிக்க அது நல்ல கருவி. எந்த ஒரு திட்டத்துக்கும் அவற்றில் ஒரு சிறு பகுதிதான் பொருந்தும் என்பதே அதை உருவாக்கியவர்களின் எண்ணம். ஆனால் கட்டங்களை நிரப்புவதே ஆய்வு என்ற பழக்கம் எங்கள் தொழிலில் வேரூன்றிவிட்டது. அறுநூறு பக்க அறிக்கையில் அலுவலகக் கழிவறையின் தண்ணீர்ச் செலவுக்கு எவ்வளவு இடமோ அவ்வளவு இடம்தான் நிலத்தடி நீருக்கும் கிடைக்கிறது. ஆய்வு எல்லையை வகுக்கும் முதல் கூட்டத்திலேயே நான் இப்போது ஒரு கேள்வியை வைக்கிறேன்: எந்த மூன்று தாக்கங்கள் உறுதியானால் இந்தத் திட்டத்தை வேண்டாம் என்று சொல்வீர்கள்? அதற்குப் பதில் கிடைத்துவிட்டால் எங்கே ஆழமாகத் தோண்ட வேண்டும் என்பது தெளிவாகிவிடும்.

எல்லை என்பது வரைபடத்தில் வட்டம் போடுவதும் அன்று. தாக்கம் எந்த வழியில் பயணிக்கிறதோ அந்த வழியே எல்லையும் போக வேண்டும். நைல் ஆற்றில் 1970இல் முடிக்கப்பட்ட அஸ்வான் பேரணை, ஆறு சுமந்து வந்த வண்டலைத் தன் நீர்த்தேக்கத்தில் பிடித்து வைத்துக்கொண்டது. அதன் விளைவாகக் கடற்கரை அரிக்கப்பட்டது, ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள கழிமுகத்தில். அணையைச் சுற்றி எவ்வளவு பெரிய வட்டம் போட்டாலும் அந்தக் கடற்கரை அதற்குள் வந்திருக்காது. வண்டலைப் பின்தொடர்ந்து போயிருந்தால் வந்திருக்கும்.

எண்களைப் படிப்பவர்களுக்கு ஒரு சொல். ஒலி அளவு 60 டெசிபலிலிருந்து 63 ஆகும் என்று வந்தால் ‘ஐந்து விழுக்காடு உயர்வு’ என்று எழுதிவிடுகிறார்கள். டெசிபல் மடக்கை அளவு. 3 டெசிபல் கூடுவது ஒலி ஆற்றல் இரு மடங்காவதற்குச் சமம், அதாவது அதே சாலையில் வாகனங்கள் இரட்டிப்பாவதற்குச் சமம். அதேபோல் இருபத்துநான்கு மணி நேரச் சராசரி, இரவு இரண்டு மணிக்குச் செல்லும் கனரக வாகனத்தை மறைத்துவிடும். தூக்கத்தைக் கெடுப்பதோ அந்த ஒற்றை உச்சம்தான். சராசரி மட்டும் தரப்பட்டிருந்தால் உச்ச அளவுகளைக் கேட்டு வாங்க வேண்டும்.

தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே சிறியவை என்பது இன்னொரு பொறி. நிலத்தடி நீரை இறைக்கும் ஒவ்வோர் ஆழ்குழாயைச் சுற்றியும் நீர்மட்டம் புனல் வடிவில் தாழ்கிறது. அருகருகே உள்ள குழாய்களின் புனல்கள் ஒன்றன் மேல் ஒன்று படியும்போது தாழ்வுகள் கூடுகின்றன. ஒரு தொழிற்சாலை அரை மீட்டர் தாழ்த்தும் என்று அதன் அறிக்கை சொல்லும். அது உண்மையாகவே இருக்கும். ஏழு தொழிற்சாலைகளின் ஏழு அறிக்கைகளும் அதையே சொல்லும். நடுவில் இருப்பவரின் கிணறு மூன்று மீட்டர் கீழே போன பிறகு, அதற்கு யாரும் பொறுப்பில்லாத நிலை வந்துவிடும். எனவே ஏற்கெனவே இயங்குபவை, அனுமதி பெற்றுக் காத்திருப்பவை இரண்டையும் கூட்டிக் கணக்கிட்ட ஒட்டுமொத்தத் தாக்கம் இல்லாத நீர் அத்தியாயத்தை நான் திருப்பி அனுப்பிவிடுகிறேன்.

சரியாக நடந்த ஒன்றையும் சொல்கிறேன். புறவழிச்சாலைக்கு ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு, ஒரு கல் குவாரித் திட்டத்தில் இடம் இறுதியாகும் முன்பே எங்களை அழைத்தார்கள். குவாரியின் அடித்தளம் நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழே போகும் என்பதால், உள்ளே ஊறும் நீரை இடைவிடாமல் இறைத்து வெளியேற்ற வேண்டியிருக்கும். சுற்றிலும் உள்ள கிணறுகள் என்னவாகும் என்பதே கேள்வி. எங்களிடம் பதினான்கு மாத அளவீடு இருந்தது. வரைவு அறிக்கையின் சுருக்கத்தை எளிய நடையில் இருபது பக்கத்தில் அச்சிட்டு, கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு ஆறு வாரங்கள் முன்னதாகவே வீடுவீடாகக் கொடுத்தோம். கூட்டத்தையும் வேலை முடிந்து வருபவர்கள் கலந்துகொள்ளும்படி மாலையில் வைத்தோம். இந்த இரண்டும் சின்ன ஏற்பாடுகள்போலத் தோன்றும். ஆனால் படித்துப் பார்க்க நேரம் கிடைத்தவர்களின் கேள்விகள் வேறு தரத்தில் இருக்கும் என்பதை அன்று நேரில் கண்டேன்.

அந்தக் கூட்டத்துக்கு ஆழ்குழாய்க் கிணறுகளின் மோட்டாரைப் பழுதுபார்க்கும் ஒருவர் எண்ணெய்க் கறை படிந்த ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வந்தார். எந்தக் கிணற்றில், எந்தத் தேதியில், எத்தனை 20 அடிக் குழாய் கூடுதலாக இறக்கினார் என்று கூலிக் கணக்குக்காகப் பன்னிரண்டு ஆண்டுகளாக எழுதி வைத்திருந்தார். எங்கள் அளவீடு காட்டாத ஒன்றை அது காட்டியது: திட்டப் பகுதியின் தெற்கே உள்ள கிணறுகளில் ஆண்டுக்காண்டு குழாய் கூடிக்கொண்டே வந்தது, வடக்கே ஒன்றுகூடக் கூடவில்லை. இரண்டு பக்கங்களுக்கும் நடுவே நீரைக் கடத்தாத ஒரு பாறைச் சுவர் இருக்கலாம் என்று ஐயம் வந்தது. நிலத்துக்குள் மின்சாரம் செலுத்தி அதற்குக் கிடைக்கும் தடையை அளக்கும் முறையில் சோதித்தபோது அது உறுதியானது. தெற்குப் பகுதி ஏற்கெனவே விளிம்பில் நின்றது. குழி தோண்ட முதலில் தேர்ந்திருந்த இடமோ தெற்கில்தான் இருந்தது.

குழியை வடக்குப் பகுதிக்கு நகர்த்தினார்கள். அடித்தளத்தை மழைக்கால நீர்மட்டத்துக்கு மேலேயே நிறுத்திக்கொள்ளவும் திட்ட உரிமையாளர் ஒப்புக்கொண்டார். அவர் பெருந்தன்மையால் மட்டும் ஒப்புக்கொண்டார் என்று சொல்ல மாட்டேன். அந்தக் கட்டத்தில் திட்டம் வெறும் வரைபடமாக இருந்தது. ஒரு கோட்டை அழித்து வேறு இடத்தில் போடுவதற்கு அவருக்கு ஆன செலவு மிகக் குறைவு. முதலில் தவிர்ப்பது, இயலாவிட்டால் குறைப்பது, பிறகு சீரமைப்பது, கடைசியாகத்தான் ஈடுசெய்வது என்ற வரிசையை எங்கள் துறையில் எல்லோரும் ஒப்பிப்பார்கள். தவிர்ப்பதற்கான வாய்ப்பு கோடு கல்லாக மாறும் வரைதான் திறந்திருக்கும்.

அனுமதியில் எழுதப்படும் நிபந்தனைகளையும் அந்தத் திட்டத்தில்தான் எழுதக் கற்றேன். ‘நிலத்தடி நீர் பாதிக்கப்படாதவாறு பார்த்துக்கொள்ள வேண்டும்’ என்பது நிபந்தனை ஆகாது, அது நல்லெண்ணம். எந்தக் கண்காணிப்புக் கிணற்றில், எத்தனை நாளுக்கு ஒருமுறை, யார் அளப்பார்கள், எந்த அளவுக்குக் கீழே போனால் வேலை நிறுத்தப்படும், அளவீடுகள் எங்கே ஒட்டப்படும் என்று எழுத வேண்டும். 2010இல் உருகுவே ஆற்றங்கரைக் காகிதக்கூழ் ஆலை வழக்கில் பன்னாட்டு நீதிமன்றம், திட்டத்தின் ஆயுள் முழுவதும் தாக்கம் தொடர்ந்து கண்காணிக்கப்பட வேண்டும் என்று குறிப்பிட்டது. நடைமுறையிலோ அனுமதி கிடைத்த மறுநாளே அறிக்கை அலமாரிக்குப் போய்விடுகிறது.

எழுதுபவருக்குக் கூலி கொடுப்பவர் திட்ட உரிமையாளர்தான் என்பது இந்தத் தொழிலின் தீராத முரண். வேறோர் ஆற்றின் மீன் பட்டியலை அப்படியே நகலெடுத்து ஒட்டிய அறிக்கை ஒன்றை நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அதைத் தயாரித்தவர்கள் களத்துக்கே போகவில்லை. இதற்குச் சட்டத்தில் முழுத் தீர்வு வரும் வரை, மூலத் தரவுகளையும் களக் குறிப்பேடுகளையும் அறிக்கையோடு சேர்த்தே வெளியிடக் கேட்பதுதான் வாசிப்பவர் கையில் இருக்கும் வலுவான கருவி என்று நினைக்கிறேன். செய்யாத களப்பணிக்குக் குறிப்பேடு காட்டுவது கடினம்.

புறவழிச்சாலையில் பிற்பாடு போக்குவரத்தை நிறுத்தி, கரையை ஒன்பது இடங்களில் வெட்டி அகலமான பெட்டிச் சிறுபாலங்களைப் பதித்தார்கள். முதலிலேயே சுற்றுப்பாதை அமைப்பதற்கு ஆகியிருக்கக்கூடியதைவிட அதற்கு அதிகம் செலவாயிற்று. நாணல் சதுப்பின் வடபகுதியில் திரும்பி வந்திருக்கிறது. தென்பகுதியில் இன்னும் இல்லை. எங்கள் களப் படிவத்தை நான் மாற்றி எழுதினேன். அதன் முதல் வரி, கடைசியாக மழை பெய்த தேதி. இரண்டாவது, மரங்களில் காணப்படும் நீர்க்கோட்டின் உயரமும் சிக்கிய புல்லின் திசையும். கோடு தெரியாவிட்டால் எத்தனை மரங்களைப் பார்த்தோம் என்ற எண்ணிக்கை. மூன்றாவது வரிக்கு மட்டும் அரைப் பக்கம் விட்டிருக்கிறேன்: அங்கே வாழ்பவர் சொன்னது, அவர் சொன்ன சொற்களிலேயே.